விட்டு விட்டுப் போன சத்தமும் பாளையங்கோட்டை ஒயரிங் கடையும்

காரில் சத்தம் வரவில்லை என்பதற்காக ஒருவர் இவ்வளவு நீளமாக எழுதுவாரா என்று தோன்றலாம். எனக்கு அது பாட்டு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நான் கால்நடை மருத்துவர். வீடு பாளையங்கோட்டையில்; வேலை நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி பக்கத்துக் கிராமங்களில். ஒரு நாளைக்கு 80, 90 கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டுகிற நேரத்தில் வருகிற அழைப்பெல்லாம் ப்ளூடூத் வழியாகக் கார் செட்டில்தான் கேட்கும்.

2024 ஆகஸ்டில் ஒரு நாள் காலை. நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறேன். மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். “டாக்டரம்மா, தண்ணிக்குடம் ஒடஞ்சி ரெண்டு மணி நேரம் ஆயிட்டு. ஒத்தக் கால்தாம் வெளிய தெரியுது. தல வந்து…” அதோடு நின்றுவிட்டது. போனில் அழைப்பின் நொடிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. செட்டின் திரையிலும் அவர் எண் தெரிகிறது. அவர் பேசுகிறார், எனக்குக் கேட்கவில்லை. ஓரங்கட்டி, ப்ளூடூத்தை அணைத்து, போனைக் காதில் வைப்பதற்குள் அவர் பதறிப்போய் வைத்துவிட்டார். அப்புறம் அவர் எண்ணுக்கு நான் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. கன்று பிழைத்தது, தாயும் பிழைத்தது. ஆனால் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது. இனி இதை விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்கு முன்பே மூன்று இடங்களில் காட்டியாயிற்று. பெயர் சொல்லப்போவதில்லை, என்ன செய்தார்கள் என்று சொன்னால் போதும். 2022இல் இந்த செட்டை மாட்டித் தந்த ஆக்சசரீஸ் கடையில், சத்தத்தை முன்பக்கம் பின்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, முன் ஸ்பீக்கர் இரண்டும் போய்விட்டது என்றார்கள். 2,800 ரூபாய்க்குப் புது ஸ்பீக்கர். ஒன்பது நாள் நன்றாக இருந்தது. இரண்டாவதாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் செட்டின் பின்னால் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். “12 வோல்ட் சரியா வருது மேடம், ஒயரிங் ஓகே” என்று பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்து, ஃப்யூஸ் ஒன்றை மாற்றி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் செட்டின் போர்டே போய்விட்டது, புதுசு மாட்டிவிடலாம், 11,500 ஆகும் என்றார்கள். மூன்று இடத்திலும் வண்டியை நிறுத்தியதும் செட் அருமையாகப் பாடியது. எந்த இடத்திலும் பழுது அவர்கள் கண்ணில் படவே இல்லை. கண்ணில் படாத ஒன்றுக்குத்தான் மருந்து எழுதினார்கள்.

எனக்கு இது பழகிய கதை. கம்பியோ ஆணியோ விழுங்கிய மாடு, சமதளத்தில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. தீனி கொஞ்சம் குறைந்திருக்கும், பால் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். சரிவில் இறக்கி நடக்கவிட்டால்தான் தயங்கும், முனகும். திமிலுக்குப் பக்கத்தில் முதுகை இறுக்கிப் பிடித்தால் குனியாமல் விறைத்து நிற்கும். நோயை வெளியே வரவழைக்கிற நிலையில் மாட்டை வைத்துப் பார்க்காமல் மருந்து கொடுத்தால் அது குருட்டு வைத்தியம். காருக்கும் அப்படிப் பார்க்கிற ஒருவர் வேண்டும் என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தேன். நாங்குநேரியில் டிராக்டர் வைத்திருக்கும் ஒரு விவசாயிதான் வழி சொன்னார். “அண்ணாச்சிகிட்ட விடுங்க. ஆனா அவசரப்படுத்தாதீங்க. அவசரப்படுத்தினா வண்டிய எடுத்துட்டுப் போயிருங்கம்பாரு.”

கடை பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குத் தெற்கே, ஒரு டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிறது. தனிப்பெயர் கிடையாது. பலகையில் ‘டைனமோ, செல்ஃப் மோட்டார், ஒயரிங் வேலைகள் செய்யப்படும்’ என்று மட்டும் இருக்கும். இரண்டு வண்டி நிறுத்தத்தான் இடம். மேலே தகரக் கொட்டகை, ஒரு பக்கம் வேப்பமரம். சுவரில் ஆணி அடித்து நிறம் நிறமாக ஒயர் சுருள்கள் தொங்குகின்றன. அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். உதவிக்கு அவர் மருமகன் ஒருவர் இருக்கிறார்.

முதல் தடவை போனபோது இருபது நிமிடம் அவர் வண்டியைத் தொடவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். “சத்தம் நிக்கும்போது செட்டுல லைட்டு எரியுதா, அதுவும் போயிருதா?” சில நேரம் எரிகிறது, சில நேரம் அதுவும் போகிறது என்றேன். “திரும்பி வரும்போது மணி சரியா காட்டுதா?” நான் கவனித்ததில்லை. “மேடு பள்ளத்துல போகுதா, கதவத் தெறந்து மூடினா போகுதா, சத்தத்தக் கூட்டினா போகுதா?” தெரியவில்லை. “வண்டி வெள்ளத்துல நின்னுச்சா?” அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் வெள்ளக்காடு. என் கார் அப்போது சிந்துபூந்துறையில் சித்தி வீட்டு வாசலில் நின்றது. தண்ணீர் சீட்டுக்குக் கீழே வரை ஏறி இறங்கியது. இஞ்சினுக்குள் போகவில்லை. கார்ப்பெட்டைக் கழற்றி மூன்று நாள் வெயிலில் போட்டோம், வண்டி ஓடியது, அதோடு விட்டுவிட்டோம். செட் கோளாறு தொடங்கியது ஐந்தாறு மாதம் கழித்து. இரண்டையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

இதைச் சொன்னதும் அவர் இடதுபக்க முன் கதவைத் திறந்து, கால் வைக்கிற இடத்துக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரல்களில் மாவு போல ஒட்டியிருந்தது. காய்ந்த ஆற்று வண்டல். கையை உதறிவிட்டு, “ஒரு வாரம் எழுதிட்டு வாங்க டாக்டரம்மா. நீங்க நோட்டு போடுவீங்கள்லா, அது மாதிரி. எப்ப, எங்க, லைட்டு எரிஞ்சுதா, மணி என்ன காட்டுச்சு” என்றார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

எழுதினேன். கேஸ் எழுதுகிற அதே நோட்டின் பின்பக்கத்தில். இப்போதும் இருக்கிறது. “செப். 9, காலை 7.40. ரெட்டியார்பட்டி தாண்டி. சத்தம் மட்டும் இல்லை. லைட் இருக்கிறது. மணி சரி. அணைத்துப் போட்டால் வருகிறது.” “செப். 11, மாலை. மூன்றடைப்புக்கு முன் வேகத்தடை. செட்டே அணைந்து எரிந்தது. மணி 1:00 காட்டுகிறது. நான் வைத்திருந்த ஸ்டேஷன்கள் எல்லாம் போயின.” ஏழு நாளில் 11 தடவை. அதில் 7 தடவை சத்தம் மட்டும் போயிருக்கிறது. 4 தடவை செட் முழுதாக அணைந்து எரிந்திருக்கிறது. அந்த நாலிலும் மணி தப்பு. எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே புரிந்துவிட்டது: இத்தனை நாள் ஒரு நோய் என்று நினைத்தது இரண்டு நோய்.

நோட்டைப் படித்துவிட்டு அண்ணாச்சி சொன்னதும் அதுதான். ஒன்றோடு ஒன்றைப் போட்டுக் குழப்பியதால்தான் எல்லோரும் தடுமாறியிருக்கிறார்கள் என்றார். இதை அவர் விளக்கிய விதத்தில் எழுதிவிடுகிறேன், இதே தொல்லை உள்ள யாருக்காவது உதவும்.

கடையில் மாட்டுகிற செட்டுகளுக்குப் பின்னால் வருகிற ஒயர்களுக்கு நிறம் வைத்தே வேலை தெரியும். மஞ்சள் நேரே பேட்டரியிலிருந்து வரும். சாவி எடுத்தாலும் மின்சாரம் இருக்கும். மணியும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வருவது. கறுப்பு எர்த், அதாவது மின்சாரம் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற வழி. சிவப்பு மட்டும் விட்டுப்போனால் செட் அணையும், ஆனால் மணி தப்பாது. மணி தப்பினால் மஞ்சள் விட்டுப் போகிறது, அல்லது கறுப்பு விட்டுப் போகிறது. செட்டைக் கழற்றாமலே, ஒரு கடிகாரத்தைப் பார்த்தே பாதி இடத்தைத் தள்ளிவிடலாம். நான் மாதக்கணக்கில் அந்தக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

செட்டை வெளியே இழுத்தார்கள். முதலில் மஞ்சளுக்கும் கார் பாடிக்கும் மீட்டர் வைத்தார்: 12.4 வோல்ட். சரி. அடுத்து மஞ்சளுக்கும் செட்டின் கறுப்புக்கும்: அதுவும் 12.4. ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததும் இதைத்தான் என்று தோன்றியது. அப்புறம் அவர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, இண்டிகேட்டருக்குப் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லைட்டை எடுத்தார். செட்டை, ஒயர்கள் வந்து சேருகிற கப்ளரிலிருந்து கழற்றிவிட்டு, பல்பின் ஒரு முனை மஞ்சளில், மறுமுனை பாடியில். வெள்ளையாக எரிந்தது. மறுமுனையைக் கறுப்பு ஒயருக்கு மாற்றினார். பல்பு செக்கச் செவேலென்று, அணையப் போகிற கங்கு மாதிரி நின்றது. மருமகன் டேஷ்போர்டுக்குக் கீழே ஒயரை லேசாக அசைத்தார், அணைந்தது, திரும்ப எரிந்தது.

மீட்டருக்குள் மின்சாரம் ஓடுவது மிக மிகக் கொஞ்சம். ஒயரில் முப்பது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், துருவுக்கு நடுவில் ஊசிமுனை அளவு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தாலும், மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். பல்பு அப்படி இல்லை. அதற்குக் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வேண்டும். அந்த ஊசிமுனையால் அவ்வளவைக் கொடுக்க முடியாது. சுமை ஏற்றிப் பார்க்காமல் எர்த் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது என்றார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கிற மதிப்பில் பாதி, ஐந்து நிமிடம் நடந்த இந்த ஒரு சோதனைக்கு.

இன்னொரு கேள்வி எனக்கு இருந்தது. எர்த் இவ்வளவு மோசமாக இருந்தால் செட் எப்படி இத்தனை நாள் ஓடியது? அதற்கும் செய்து காட்டினார். செட்டைத் திரும்ப மாட்டிப் பாட்டை ஓடவிட்டு, பின்னால் போகிற ஏரியல் ஒயரை மட்டும் உருவினார். செட் அப்படியே செத்தது. சொருகினார், வந்தது. ஏரியல் கேபிளின் வெளிப்பக்கம் பின்னிய கம்பி வலை இருக்கும். அது மேற்கூரையில் ஏரியல் அடிக்கட்டை வழியாகப் பாடியைத் தொடுகிறது. செட்டுக்கு வேண்டிய எர்த் அந்தச் சுற்றுவழியில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஒழுங்கான வழி இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இரண்டு வழியும் ஒரே நேரத்தில் விட்டால் செட் அணைந்து எரியும்.

கறுப்பு ஒயரைப் பின்தொடர்ந்து போனால் இடதுபக்க முன் சீட்டில் உட்காருபவர் கால் வைக்கிற இடத்தில், ஓரத் தகட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் முடிந்தது. வெள்ளத்தில் மூழ்கிய உயரத்துக்கும் கீழே. தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் தலை காவி நிறத்தில் பொருக்கு விட்டிருந்தது. அதில் மாட்டியிருந்த லக்கில், அதாவது ஒயர் முனையில் இறுக்குகிற உலோக வளையத்தில், பச்சைக் களிம்பு, வெண்மையாகப் பூத்த உப்பு. ஒயரை இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் லக்கிலிருந்து கழன்று கையோடு வந்தது. உள்ளே செம்பு கறுத்து, நசுக்கினால் பொடிந்தது. ஒன்பது மாதம் முந்தைய வெள்ளம் அதற்குள் உட்கார்ந்திருந்தது.

இதைச் சரிசெய்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. உப்புத்தாளால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, ஒயரைச் செம்பு பளிச்சென்று தெரிகிற இடம் வரை வெட்டி, புது லக்கை இறுக்கி, பல் வைத்த வாஷர் போட்டு, புது போல்ட்டால் முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினார். அதன்பிறகு பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் செட்டின் கறுப்புக்கும் நடுவில் மீட்டர் வைத்தார். 0.03 வோல்ட். வேலைக்கு முன்பு இதே இடத்தில் முள் நிற்காமல் 0.9க்கும் 2க்கும் குதித்துக்கொண்டிருந்தது. 0.1க்கு மேல் போனால் அந்த எர்த்தை நம்ப மாட்டேன் என்றார்.

“இது உங்க நாலு. ஏழு இன்னும் இருக்கு” என்று நோட்டைத் தட்டிக் காட்டினார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் வண்டி சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுத்திருப்பார்கள்.

அந்த ஏழுக்காக அன்று அவர் செய்தது ஒரே ஒரு காரியம். செட்டின் பின்னால் சாம்பல் நிற ஒயரையும், சாம்பலில் கறுப்புக் கோடு போட்டதையும் கப்ளருக்குப் பக்கத்தில் வெட்டி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி மடித்து வைத்தார். அது வலதுபக்க முன் ஸ்பீக்கருக்குப் போகிற ஜோடி. ஓட்டுநர் கதவில் இருப்பது. “நாலு நாள் மூணு ஸ்பீக்கரோட ஓட்டுங்க” என்றார். ஏன் அந்தக் கதவு என்று கேட்டேன். “ஒரு நாளைக்கு எத்தன தடவ எறங்கி ஏறுதீங்க?” நான் யோசித்துப் பார்த்தேன். கிராமத்துக்கு ஐந்தாறு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் பையை எடுக்க, மருந்து எடுக்க என்று இறங்கி ஏறுவது. 40 தடவைக்குக் குறையாது. மற்ற மூன்று கதவும் சேர்ந்தே அந்த அளவு திறக்காது.

நாலு நாளில் ஒரு தடவைகூடச் சத்தம் நிற்கவில்லை. சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. நாலு நாள் சும்மாகூட இருந்திருக்கலாம் என்று சொல்லி அந்த ஜோடியைத் திரும்பச் சேர்த்தார். மருமகனை என்னோடு அனுப்பினார். ரெட்டியார்பட்டி வரை போய், வழியில் ஐந்து இடத்தில் நிறுத்தி நான் கதவைத் திறந்து மூட வேண்டும். மூன்றாவது இடத்தில் கதவை அடைத்ததும் சத்தம் போயிற்று. செட்டில் லைட் எரிகிறது, பாட்டின் நொடிகள் ஓடுகின்றன, நான்கு ஸ்பீக்கரும் மௌனம். நோயை எடுத்துக் காட்டி, திரும்ப வைத்துக் காட்டி, அதே இடத்தில் அதே குறி வருகிறது என்று உறுதி செய்த பிறகுதான் அவர் கதவின் உள்பக்க மூடியான பேடைக் கழற்றினார்.

ஒரு கதவின் ஒயரில் பழுது என்றால் நான்கு ஸ்பீக்கரும் ஏன் நிற்க வேண்டும்? எல்லோரையும் ஏமாற்றியது இதுதான். பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்தில் இருக்கும். இப்போதைய கார் செட்டுகளில் அப்படி இல்லை. ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு ஒயரிலுமே, பாட்டு ஓடாவிட்டாலும், பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, 6 வோல்ட் வாக்கில் நின்றுகொண்டிருக்கும். இரண்டில் எது கார் பாடியைத் தொட்டாலும் ஷார்ட். உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபயர் ஐசி தான் எரிந்துபோகாமல் இருக்க எல்லாச் சத்தத்தையும் நிறுத்திக்கொள்ளும். அணைத்துப் போட்டால், அந்த நேரத்தில் ஒயர் பாடியைத் தொடாமல் இருந்தால், திரும்ப வரும். சத்தத்தை முழுக்கப் பின் ஸ்பீக்கருக்குத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் முன் ஒயரில் அந்த 6 வோல்ட் இருக்கத்தான் செய்யும். ஆக்சசரீஸ் கடையில் செய்த சோதனையால் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒயரைப் பிரித்தால்தான் தெரியும்.

சாம்பல் ஜோடியைச் செட்டிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் கழற்றிவிட்டு, மீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை ஒயரிலும் மறுமுனையைக் கதவுக் கீலின் போல்ட்டிலும் பிடித்தார். என்னைக் கதவை மெதுவாக அசைக்கச் சொன்னார். முழுக்கத் திறந்த கதவை விரல் விரலாக மூடிக்கொண்டு வந்தேன். சத்தமில்லை. பாதியில் சத்தமில்லை. மூடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது ‘பீ’ என்று ஒரு சின்னக் கீச்சு, உடனே நின்றது. “அங்கயே நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால.” பீ. “முன்னால.” இல்லை. டீக்கடையில் நின்ற இரண்டு பேரும் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். மாதக்கணக்கில் ஒளிந்திருந்தது ஒரு விரல்கடை அகலத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். வண்டியோடு வந்த ஒயர்களெல்லாம் அதற்குள்தான் போகின்றன. ஸ்பீக்கர் ஒயரை மட்டும் 2022இல் அதற்கு வெளியே, தகட்டில் இருந்த வேறொரு துளை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல், தொய்வு விடாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தகட்டின் விளிம்பு ஒயரின் தோலைச் சீவியிருந்தது. கீறலுக்குள் நாலைந்து இழை தங்கம் போல மின்னின, மற்றவை பச்சையேறிக் கிடந்தன. இணைப்பில் சுற்றியிருந்த டேப் நம் ஊர் வெயிலில் பசை இளகி, பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. ரப்பர் குழாய்க்குள் விட அரைமணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான் எனக்கு இரண்டு ஸ்பீக்கர் விற்றார்கள். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

புது ஒயர் போட்டார். மெல்லிய இழைகள் நிறைய உள்ள, வளைந்தால் நோகாத ஒயர். சோப்புத் தண்ணீர் தடவி ரப்பர் குழாய்க்குள் செலுத்தி, கதவு முழுக்கத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டார். இணைப்பை மடங்குகிற இடத்தில் வைக்காமல், உள்ளே ஓரத் தகட்டுக்குப் பின்னால் வைத்து, சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்குகிற ஸ்லீவ் போட்டார். மடங்குகிற இடத்தில் ஏன் சால்டர் வைக்கக் கூடாது என்று கேட்டதற்கு, ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தைக் குச்சி மாதிரி ஆக்கிவிடும், குச்சி முடிகிற இடத்தில் ஒயர் முறியும் என்றார். எலும்புக்குப் பிளேட் வைத்தால் பிளேட் முடிகிற இடத்தில் முறிவதை நான் பார்த்திருக்கிறேன். உடனே விளங்கியது.

மொத்தம் நாலு தடவை போனேன். ஒயர், லக், ஸ்லீவ் எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். ஜிபே வாங்குகிறார்கள். பில் கேட்டால் ஒரு துண்டுத்தாளில் என்னென்ன செய்தது என்று கையால் எழுதித் தருகிறார். அது வழக்கமான பில்லைவிட எனக்குப் பயனாக இருக்கிறது.

குறைகளும் உண்டு, சொல்லிவிடுகிறேன். உட்கார இடமில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் டீக்கடைக்குப் பாதி சொந்தம். பெண்களுக்குக் கழிப்பறை வசதி கிடையாது. அரைநாள் காத்திருக்கிற வேலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதே நல்லது. வேலை நடக்கும்போது போன் எடுக்க மாட்டார். நேரில் போய்த்தான் நாள் கேட்க வேண்டும், ஞாயிறு விடுமுறை. புது மாடல் வண்டிகளில் ஏசி, கேமரா, செட் எல்லாம் ஒரே பெரிய திரையில் வருகிறதே, அதைத் தொடுவதில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். கதவின் பேடைக் கழற்றும்போது ஒரு கிளிப் உடைந்தது. வேறு போட்டுத் தந்தார், நிறம் மட்டும் ஒத்துப்போகவில்லை. உங்கள் பழுது எப்போதும் இருக்கிற பழுது என்றால், ஃப்யூஸ் போய்விட்டது, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்பது போல, பக்கத்திலுள்ள எந்தக் கடையிலும் அரைமணியில் முடித்துவிடலாம். இவரிடம் போக வேண்டியது வந்து வந்து போகிற கோளாறுக்கு.

போகும்போது நோட்டு எழுதிக்கொண்டு போங்கள். லைட் எரிந்ததா, மணி தப்பியதா, எந்தக் கதவு, மழையா வெயிலா. அது இல்லாமல் போனால் அவர் எழுதிவரச் சொல்லி ஒரு வாரம் கழித்துத்தான் வண்டியைத் தொடுவார்.

இது 2024 அக்டோபர் தொடக்கத்தில் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் கழிந்து இப்போது தை பிறக்கப் போகிறது. நோட்டில் அந்தப் பக்கம் அப்படியே நிற்கிறது, ஒரு வரிகூடச் சேரவில்லை. கார்த்திகையில் ஒரு இரவு களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த அழைப்பு ஆறு நிமிடம் ஓடியது. கன்றின் தலை இடதுபக்கம் மடங்கியிருக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அப்பாவுக்குக் காரில் ஏறினால் திருநெல்வேலி வானொலி வேண்டும், மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸ். இந்த செட்டில் பட்டனை அழுத்தினால் 1190, அடுத்து 1200 என்று தாவும், 1197இல் நிற்கவே நிற்காது. நான்தான் அந்த நிலையம் இந்த செட்டுக்கு எட்டவில்லை என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி செட்டிங்கில் போய், 10 கிலோஹெர்ட்ஸ் படியாக இருந்ததை நம் நாட்டுக்குரிய 9 ஆக மாற்றினார். இப்போது நிற்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு கீச்சுச் சத்தமும் கூடவே ஏறுகிறது. எர்த்துக்குச் சுற்றுவழியாக இருந்த அந்த ஏரியல் அடிக்கட்டையிலும் துரு இருக்கும், அதுதான் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் சத்தத்தை உள்ளே விடுகிறது என்கிறார். அதைக் கழற்ற மேற்கூரையின் உள்துணியை இறக்க வேண்டும், அரைநாள் ஆகும். பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார். அவருக்காக வீட்டிலிருந்து ஒரு நாற்காலி எடுத்துப் போக வேண்டும்.